மரத்தை அறுக்கும் முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

பத்து விரலையும் ஒரே நேரத்தில் உணரும் தொடுதிரை மேசையை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்பவர்களில் பலர், கேட்கும்போதே ப்ளைவுட்டை வாங்கி வைத்திருப்பார்கள். முடியும். அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. சால்டரிங் இரும்பைப் பிடிக்கவும் ஒரு மென்பொருளை நிறுவவும் தெரிந்தால் போதும். ஆனால் ப்ளைவுட் கடைசியாக வரவேண்டிய பொருள். மேசையின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் கேமராவுக்கு உங்கள் விரல் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்ற ஒன்றைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் அமையும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் மேசையை மூன்று வாரம் இழைத்து, வார்னிஷ் அடித்து, ஒரு இரவு பதினொரு மணிக்கு ஓடவிட்டோம். வீடே கூடி நின்று படங்களை இழுத்து விளையாடியது. மறுநாள் மாலை நாலு மணிக்கு ஒரு விரல்கூட வேலை செய்யவில்லை. கேமராவின் படத்தைத் திறந்து பார்த்தால் பால் கொட்டியதுபோல் முழுக்க வெள்ளை. அந்த அறையில் மேற்குப் பார்த்த ஜன்னல் உண்டு. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஏராளம். கேமரா விரலைப் பார்ப்பதும் அகச்சிவப்பு ஒளியில்தான்; வெயிலுக்கு முன்னால் அதற்காக நான் வைத்த எல்.இ.டி.க்கள் எம்மாத்திரம்? மூன்று வாரத் தச்சு வேலைக்கு முன்பே ஒரு மாலை நேரம் அந்த அறையில் கேமராவை வைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். எனவே, மேசை நிற்கப்போகும் அறையை முதலில் முடிவு செய்யுங்கள். நேர் வெயில் விழாத அறையாக இருக்கட்டும். பழைய குண்டு பல்பும் ஹாலஜன் விளக்கும் அகச்சிவப்பை அள்ளிக் கொட்டும். டியூப் லைட்டும் எல்.இ.டி. விளக்கும் அவ்வளவு தொந்தரவு தருவதில்லை.

அடுத்து, உங்களுக்கு மேசை எதற்கு வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கடைக்கோ பள்ளி நூலகத்துக்கோ தினமும் பத்து மணி நேரம் ஓடவேண்டிய மேசை என்றால், கேமரா முறை வேண்டாம். டி.வி.யின் விளிம்பைச் சுற்றிப் பொருத்தும் அகச்சிவப்புச் சட்டங்கள் விற்பனைக்கு வருகின்றன. சட்டத்தின் ஒரு பக்கத்தில் எல்.இ.டி.க்கள், எதிர்ப்பக்கத்தில் உணரிகள். இடையே கண்ணுக்குத் தெரியாத ஒளி வலை. விரல் அந்த வலையை மறித்தால் இடம் தெரிந்துவிடும். யு.எஸ்.பி.யில் செருகினால் விண்டோஸும் லினக்ஸும் தாமாகவே தொடுதிரை என்று அடையாளம் கண்டுகொள்ளும். மேலே பதப்படுத்திய கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. குறைகளும் உண்டு. வலை கண்ணாடிக்குச் சற்று மேலே இருப்பதால் சட்டைக் கையும் தொங்கும் வளையலும்கூடத் தொடுதலாகப் பதிவாகும். நிறுத்தி வைக்கச் செய்த டி.வி.யைப் படுக்க வைக்கிறோம் என்பதால், அடியில் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும்.

கற்றுக்கொள்ள ஆசை, அல்லது மேசை மீது வைக்கும் பொருளையும் கணினி அடையாளம் காண வேண்டும் என்றால் கேமரா முறைதான். இதற்கு அழகான உதாரணம் பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் உருவான ரியாக்டேபிள் என்ற இசை மேசை. வட்ட மேசையில் சிறு கட்டைகளை நகர்த்தியும் திருகியும் இசை எழுப்புவார்கள். பாடகி பியோர்க் 2007 இசைப் பயணத்தில் அதை மேடையேற்றினார். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஒட்டியிருக்கும் அச்சுக் குறியைக் கீழிருந்து கேமரா படிக்கிறது. அந்தக் குழு எழுதிய ரியாக்டிவிஷன் மென்பொருள் இன்றும் இலவசம்.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள் வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு அட்டைப்பெட்டியின் மேல்மூடியை வெட்டிவிட்டு, பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடியை அதன்மேல் வையுங்கள். கண்ணாடிமேல் ஒரு வெள்ளைத் தாள். பெட்டியின் அடியில் சாதாரண வெப்கேமராவை மேல்நோக்கி நிறுத்துங்கள். அறை வெளிச்சத்தில் தாளைத் தொட்டால் விரல் நுனி கருநிழலாகக் கேமராவுக்குத் தெரியும். சேத் சாண்ட்லர் எம்.டி.மினி என்ற பெயரில் உலகெங்கும் பரப்பிய முறை இது. அந்த நிழலைப் பிடித்து விரலாக மாற்றும் மென்பொருளை ஓடவிட்டுப் பழகுங்கள். பின்னணியைக் கழிப்பது, வரம்பு வைப்பது, அளவு திருத்துவது எல்லாம் இந்தப் பெட்டியிலேயே கைவந்துவிடும். இதில் சலிப்புத் தட்டினால் பெரிய மேசைக்குப் போக வேண்டாம். அதையும் ஒரு சாயங்காலத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பெரிய மேசைக்கு நான் பரிந்துரைப்பது முழு அக எதிரொளிப்பு முறையை. பத்தாம் வகுப்புக்கு மேல் இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.49. அதன் மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி. பலகையின் விளிம்பு வழியே உள்ளே விடும் ஒளி அதைவிடச் சாய்ந்த கோணத்தில் பரப்பில் மோதினால் வெளியேற முடியாமல் உள்ளுக்குள்ளேயே துள்ளிக்கொண்டு போகும். விரல் அழுந்தும் இடத்தில் மட்டும், அக்ரிலிக்கை ஒட்டிக் காற்றுக்குப் பதில் தோல் வந்துவிடுகிறது. ஒளி அங்கே தப்பி, தோலில் பட்டுக் கீழே சிதறும். கேமராவுக்கு அது இருட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப் ஹான் 2005-ல் இதைக் குறைந்த செலவில் செய்யும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். 2006 டெட் மேடையில் அவர் செய்துகாட்டியதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கப் பலர் தம் வீட்டில் மேசை கட்டத் தொடங்கினார்கள். அடியிலிருந்து பரவலாக அகச்சிவப்பு விளக்கு அடித்து, திரும்பி வரும் ஒளியைப் பார்ப்பது மற்றொரு முறை. மைக்ரோசாஃப்ட் 2007-ல் அறிவித்த சர்ஃபேஸ் மேசை, 30 அங்குலத் திரைக்குக் கீழே ஐந்து கேமராக்களை வைத்து அப்படித்தான் செய்தது. பொருள்களைப் படிக்க அதுவே சரி. ஆனால் மேசை முழுக்க ஒரே சீராக வெளிச்சம் விழச் செய்வது பெரும்பாடு. விரலுக்கு மட்டும் என்றால் விளிம்பு ஒளியே தெளிவு.

அக்ரிலிக் வாங்கும்போது 10 மில்லிமீட்டர் தடிமன் கேளுங்கள். 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. அதன் விளிம்பில் சரியாக உட்காரும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். வெட்டிய விளிம்பு பனி படிந்ததுபோல் மங்கலாக இருக்கும். ஒளி அங்கேயே சிதறிப் பாதி வீணாகும். 240, 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றி, கடைசி இரண்டைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அப்புறம் பித்தளைப் பாத்திரம் துலக்கும் மெருகுப் பசையைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் விளிம்பு கண்ணாடியாகிவிடும். விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிர்ப்பக்கம் தெரியவேண்டும். ஒரு மதியம் முழுக்கப் போகும். போகட்டும், இதில் மிச்சம் பிடிக்கும் நேரத்தை மங்கலான விரல் பொட்டுகளோடு மாதக்கணக்கில் போராடிக் கழிக்க வேண்டியிருக்கும்.

எல்.இ.டி. 850 நானோமீட்டர் வகையாக இருக்கட்டும். டி.வி. ரிமோட்டில் வருவது பெரும்பாலும் 940. கேமராக்களுக்கு அது இன்னும் மங்கலாகத் தெரியும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், அலைநீளம் எழுதிய தாளைக் கேட்டுப் பாருங்கள். 80-க்கு 60 சென்டிமீட்டர் படத்துக்கு, நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் 30 வீதம் மொத்தம் 60 போதும். இடைவெளி மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கணக்கு இதுதான்: ஒரு எல்.இ.டி. சுமார் 1.5 வோல்ட் எடுக்கும். ஆறைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட். 12 வோல்ட் அடாப்டரில் மீதி 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கவேண்டும். 50 மில்லி ஆம்பியர் ஓட 60 ஓம் தேவை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 68 ஓமைப் போட்டால் 44 மில்லி ஆம்பியர் ஓடும், எல்.இ.டி.யின் ஆயுளுக்கும் நல்லது. கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும். இப்படிப் பத்து தொடர்கள். மொத்தமே அரை ஆம்பியருக்குள்தான்; 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் சூடேறாமல் ஓடும். தொடரில் ஒன்றைத் தலைகீழாகப் பற்றவைத்தால் ஆறும் எரியாது. அதனால் ஒவ்வொரு தொடரையும் முடித்தவுடன் செல்போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பாருங்கள்; பல போன்களில் பின் கேமரா அகச்சிவப்பைத் தடுத்துவிடும், முன் கேமராவில் ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண் தானாக இமைக்காது. எரியும் எல்.இ.டி. வரிசையைக் கிட்டத்தில் உற்றுப் பார்க்க வேண்டாம். பலகையின் விளிம்பை அலுமினியச் சட்டத்தால் மூடிவிடுங்கள். பரப்பின் மேலே லேசர் ஒளியைத் தகடுபோல் விரிக்கும் முறையும் உண்டு, படம் அதில் அருமையாக வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் செய்யாதீர்கள். சில மில்லிவாட் அகச்சிவப்பு லேசரே விழித்திரையைச் சுட்டுவிடும். சுட்டது தெரியவும் தெரியாது.

எல்.இ.டி. எரிகிறது, கேமரா பார்க்கிறது, ஆனாலும் விரலை அழுத்தித் தேய்த்தால்தான் பொட்டு தெரிகிறதா? எல்லோரும் இங்கேதான் மனம் தளர்வார்கள். காய்ந்த விரல் அக்ரிலிக்கோடு முழுதாக ஒட்டுவதில்லை. ரேகைகளுக்கு நடுவே காற்று நின்றுவிடும். நாக்கில் தொட்ட விரலை வைத்துப் பாருங்கள், பொட்டு பளீரென்று வரும். என் பாட்டி அந்த மேசையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தபோது ஒரு பொட்டுகூட வரவில்லை. பக்கத்தில் நின்ற எட்டு வயதுப் பையனின் வியர்த்த விரல்களுக்கு ஐந்தும் ஐந்தும் பத்தாக வந்தன. பாட்டியின் கைக்கும் வரவேண்டும் என்றால் அக்ரிலிக்குக்கும் விரலுக்கும் நடுவே மெத்தென்ற சிலிக்கோன் பூச்சு வேண்டும்.

செய்முறை இது. குளியலறை விளிம்புகளுக்குப் பூசும் நிறமில்லாத சிலிக்கோனை சைலீன் கரைப்பானில் கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நல்ல தடிமனான ட்ரேசிங் தாளைச் சுருக்கமில்லாமல் தட்டையாக விரித்து ஒட்டி, ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்ததும் இன்னொரு கை, அப்புறம் இன்னொன்று. பரப்பு வழவழப்பாக இருக்கக் கூடாது. ரோலர் விட்டுப்போகும் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்புதான் வேண்டும். அந்தச் சின்னச் சின்ன மேடுகள்தான் அழுத்தும்போது மட்டும் அக்ரிலிக்கைத் தொட்டு, விரலை எடுத்ததும் விட்டு விலகும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சிலிக்கோன் பக்கம் அக்ரிலிக்கைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். தாளின் மேற்புறம் கைக்கு. மேசைக்குள் இருக்கும் புரொஜெக்டர் வீசும் படமும் அந்தத் தாளிலேயே விழும். சைலீன் ஆவி தலையைச் சுற்றவைக்கும், எளிதில் தீப்பிடிக்கும். மொட்டை மாடியில், முகக்கவசத்தோடு, பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இல்லாமல் செய்யுங்கள். முதல் தாள் அநேகமாகக் கெட்டுப்போகும். மூன்று தாள் வாங்கி வையுங்கள்.

கேமராவில் இரண்டு வேலை. வெப்கேமரா லென்ஸுக்குப் பின்னால் சாய்த்துப் பார்த்தால் சிவப்பு மினுங்கும் சிறு கண்ணாடிச் சில்லு இருக்கும். அகச்சிவப்பைத் தடுப்பது அதுதான், அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் குவியம் சற்று மாறும் என்பதால் லென்ஸைக் கையால் திருகிச் சரிசெய்யக்கூடிய கேமராவாகப் பாருங்கள். பிறகு கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புரொஜெக்டர் காட்டும் படத்தையே கேமரா விரல் என்று எண்ணிக்கொள்ளும். 850 நானோமீட்டர் வடிகட்டி வாங்குவது உத்தமம். கைவசம் பழைய கலர் பிலிம் நெகட்டிவ் இருந்தால், அதன் நுனியில் வெளிச்சம் பட்டுக் கறுத்த பகுதியை இரண்டு மடிப்பாக வைத்தாலும் வேலை நடக்கும். கறுப்பு வெள்ளை பிலிம் உதவாது. அதிலுள்ள வெள்ளித் துகள் அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுத்துவிடும். வீட்டு மேசை கட்டுபவர்கள் நெடுநாளாக விரும்பி வாங்கிய கேமரா பிளேஸ்டேஷன் 3-க்கான ‘பிளேஸ்டேஷன் ஐ’. 640-க்கு 480 புள்ளிகளில் விநாடிக்கு 60 படம் எடுக்கும், லினக்ஸில் செருகியவுடன் ஓடும், பழைய பொருள் சந்தையில் கிடைத்தால் விடாதீர்கள். 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு 640 புள்ளி என்றால் சென்டிமீட்டருக்கு எட்டு புள்ளி. ஒரு விரல் நுனிக்கு அது தாராளம். புள்ளிகளைக் கூட்டுவதைவிட வேகத்தைக் கூட்டுவதுதான் கைக்குத் தெரியும்; விநாடிக்கு 15 படம் எடுக்கும் கேமராவில் படம் விரலுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வரும்.

பணம் அதிகம் போகும் இடம் புரொஜெக்டர். கடைக்குப் போகுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். வீச்சு விகிதம் 1.5 உள்ள சாதாரண புரொஜெக்டர் 80 சென்டிமீட்டர் அகலப் படத்துக்கு 120 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மேசை உயரமோ 90. நடுவே கண்ணாடி வைத்துப் பாதையை மடிக்கத்தான் வேண்டும். 0.5 விகிதமுள்ள குறுவீச்சு புரொஜெக்டருக்கு 40 சென்டிமீட்டர் போதும். சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருப்பதால் எழுத்துகள் இரட்டையாக நிழலாடும். முன்புறப் பூச்சுக் கண்ணாடி கேட்டு வாங்குங்கள். மூடிய பெட்டிக்குள் புரொஜெக்டர் வெந்துவிடும். அதன் வெப்பக் காற்று வெளியேறும் பக்கம் பெரிய துளையும், எதிர்ப்பக்கம் 12 வோல்ட் கணினி விசிறி இரண்டும் வையுங்கள்.

மென்பொருளில் நீண்டு பேச ஒன்றுமில்லை. கம்யூனிட்டி கோர் விஷன் பழையது, ஆனால் கற்றுக்கொள்ள இன்றும் நல்லது: கேமரா படம், பின்னணி கழித்த படம், வரம்பு வைத்த படம் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். பைத்தான் தெரிந்தால் ஓப்பன்சிவி கொண்டு நூறு வரிக்குள் நீங்களே எழுதிவிடலாம். விரலின் இடம் டியூயோ என்ற நெறிமுறையில், 3333-ஆம் போர்ட் வழியாகச் செயலிக்குப் போகும். பைத்தானில் கிவி அதை நேராகவே வாங்கிக்கொள்ளும். அளவு திருத்தும்போது நான்கு மூலையோடு நிறுத்தாதீர்கள். அகலக் கோண லென்ஸ் நடுவில் உப்பியும் ஓரத்தில் வளைந்தும் காட்டும். கட்டம் கட்டமாகப் புள்ளிகளைத் தொட்டுத் திருத்தினால்தான் ஓரத்திலும் விரலுக்கு நேர் கீழே படம் நிற்கும்.

செயலி எழுதும்போது மவுஸை மறந்துவிடுங்கள். மேசையைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். எல்லோருக்கும் மேல்பக்கம் ஒன்றே இல்லை. எழுத்து ஒருவருக்கு நேராக இருந்தால் எதிரே நிற்பவருக்குத் தலைகீழ். எனவே எந்தப் படமும் எந்த அட்டையும் இரண்டு விரலால் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும். பல்லாங்குழி, தாயம் போல எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள் இந்த மேசைக்கென்றே பிறந்தவை. பழைய குடும்பப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து பரப்பிவிட்டால் பெரியவர்கள் மேசையை விட்டு நகர மாட்டார்கள்.

இவ்வளவும் இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே, அட்டையும் கயிறுமாகக் கட்டி நிறுத்தி ஓடட்டும். காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, பத்து விரலையும் வைத்துப் பொட்டுகளை எண்ணுங்கள். வீட்டிலேயே கை மிகவும் காய்ந்தவரை அழைத்து அவர் விரலையும் எண்ணுங்கள். மூன்று வேளையும் பத்து வந்தால் டேப்பை எடுத்துக் கேமரா, கண்ணாடி, புரொஜெக்டர் இருக்கும் இடங்களை அளந்து எழுதிக்கொண்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். நின்று பயன்படுத்தும் மேசைக்கு 90 சென்டிமீட்டர் உயரம் சொல்லுங்கள். பெட்டிக்கு அடியில் கால் நீட்ட இடம் இருக்காது என்பதால் நாற்காலி போட்டு உட்காருவது சரிவராது. மேல்பலகை கீலில் திறக்கட்டும். கேமராவும் கண்ணாடியும் உட்காரும் தாங்கிகளில் துளைக்குப் பதில் நீளப் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள், இரண்டு சென்டிமீட்டராவது நகர இடம் வேண்டும். உட்புறம் முழுக்க மேட் கறுப்பு அடிக்கச் சொல்ல மறக்க வேண்டாம். வார்னிஷ் வெளிப்பக்கம் மட்டும்.